மழைக்கு முன்னால் உம்மைத் திட்ட வருகிறேன்

ஃபாட்டிக்,
மே மாதக் கடைசி. காற்று இல்லை, நிழலும் சுடுகிறது.

அரிசிப் பானையின் அடியைச் சுரண்டுவதில் ஈடு இணையற்றவரும், பிஞோனா வட்டாரத்து முந்திரித் தோப்புகளில் வேலை செய்வதுபோல் நடித்தே தலை நரைத்தவரும், என் முன்னோர்கள் பெரிய மனசு பண்ணி விட்டுவைத்த அடிமையுமான மலாங் குதியாபி அவர்களுக்கு, உமது ராஜாவும், வேர்க்கடலைக் கிடங்கில் எடை போட்டு ஓய்வு பெற்றவனுமான லாத்திர் தியோன் எழுதிக்கொள்வது.

சமாதானமா? உமது வீட்டில் சமாதானமா? உமது மனைவி ஸோனாவும் பிள்ளைகளும் சமாதானமா? மாடுகள், மாமரங்கள், போன மழையில் சாய்ந்த அந்தச் சுவர், எல்லாம் சமாதானம்தானே? இங்கே சமாதானம் மட்டுமே. வழக்கப்படி எழுத வேண்டியதை எழுதியாயிற்று. இனி உண்மையை எழுதுகிறேன். இங்கே சமாதானம் என்பது மருந்துக்கும் இல்லை.

உமது செய்தியை டிரைவர் அன்சு சானே கொண்டுவந்து சேர்த்தான். சேர்த்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. உம்முடைய பக்கத்து ஊர்க்காரன், உம்மைப் போலவே ஜோலா குலத்தான், வேறு எப்படி இருப்பான்? என் வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி கத்தினான்.

"ஏ செரேர் கிழவா! மலாங் சொல்லச் சொன்னார். உன் மகன் வந்தான், தின்னான், போனான். ஒரு வார்த்தை திட்டலை! அவன் நெஜமாவே உன் மகன்தானா, இல்ல சந்தையில கெடந்ததை எடுத்துட்டு வந்தியான்னு கேக்கச் சொன்னார்!"

என் மனைவி ஞிலான் கரண்டியோடு வெளியே வந்தாள். "சந்தையில எடுத்திருந்தா நல்லதாப் பாத்து எடுத்திருப்பேன்டா! போய் உங்க மலாங் கிட்டச் சொல்லு!" என்று பதில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போய், மூலையில் உட்கார்ந்து, "என்னங்க, பிராம் அங்க போய் என்ன பண்ணித் தொலைச்சான்?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

பிராமை உமக்குத் தெரியும். டாக்கரில் ஒரு கட்டடக்காரரிடம் வரைபடம் வரைகிறவன். அளவுகோல் இல்லாமல் ஒரு கோடு போடமாட்டான், மூன்று தரம் யோசிக்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டான். உமது மகள் மரியேத்து அங்கே தையல் படித்த நாட்களில் இருவருக்கும் பழக்கம். அவள் ஊர் திரும்பிய பிறகு, கோலாக் கொட்டையோடு பெரியவர்கள் வந்து முறையாகப் பெண் கேட்பதற்கு முன்னால், தான் ஒருமுறை போய் முகம் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னான். நல்ல யோசனை என்று நானும் அனுப்பினேன். உமது செய்தி வந்த பிறகு அவனை டாக்கரிலிருந்து வரவழைத்து, எதிரில் உட்காரவைத்து விசாரித்தேன்.

"போனேன்பா. வாசல்லயே செருப்பைக் கழட்டினேன். குனிஞ்சு, ரெண்டு கையாலயும் கை குடுத்தேன்."

"அப்புறம்?"

"'நல்லா இருக்கீங்களா ஐயா'ன்னு கேட்டேன்."

"ஐயாவா?"

"ஐயாதான்."

ஞிலான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாப்பாட்டுத் தட்டு வந்துச்சு. எல்லாரும் சுத்தி உக்காந்தோம். அவர் முன்னால பெரிய மீன் ஒண்ணு இருந்துச்சு. நான் எனக்கு நேரா இருந்த சோத்தை மட்டும் சாப்பிட்டேன்."

"அவர் மீனைப் பிடுங்கலை?"

"இல்லப்பா."

"ஒரு துண்டு கூட?"

"அவரே பிட்டு என் பக்கம் போட்டார். 'ரொம்ப நன்றி ஐயா'ன்னேன்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓய் மலாங், நீர் பட்ட வேதனை எனக்குப் புரிகிறது. நம் இரண்டு குலத்துக்கும் தாய்மார், ஒரே படகில் ஏறிய அக்காளும் தங்கையும். படகு பிளந்தது. ஒருத்தி உங்கள் கரையில் ஒதுங்கினாள், ஒருத்தி எங்கள் கரையில் ஒதுங்கினாள். அன்றிலிருந்து நமக்குள் கேலிமுறை. செரேர் ஒருவன் ஜோலாவை எதிரில் பார்த்துத் திட்டாமல் போனால், கண்டும் காணாததுபோல் போனதற்குச் சமம். என் வீட்டுக்கு ஒரு ஜோலா வந்து, என் நாற்காலியைப் பிடுங்காமல், என் தொப்பியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொள்ளாமல், கைகட்டி நின்று "ஐயா" என்றால், நானும் யாரோ செத்த செய்தி கொண்டுவந்திருக்கிறான் என்றுதான் நினைப்பேன்.

மருமகன் ஆகப் போகிறவன் மாமனாரிடம் மரியாதை காட்டுவது தப்பா என்று ஞிலான் உம்மைப் பற்றிக் கேட்டாள். அதற்கும் நீர் முன்கூட்டியே அன்சுவிடம் பதில் சொல்லி அனுப்பியிருந்தீர். "கோலா உடையற வரைக்கும் அவன் செரேர். என்னைத் திட்டணும். உடைஞ்ச பிறகு மருமகன். அப்போ எவ்வளவு வேணும்னாலும் குனியட்டும். உடைக்கிறதுக்கு முன்னாலயே குனியறான்னா, பொண்ணைக் குடுத்தாச்சுன்னு அவனே முடிவு பண்ணிட்டானா?" என்று கேட்டீராம். நியாயம். உம் பக்கம் நியாயம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நியாயம்தான்.

ஆகவே உமது தீர்ப்பு: பையனின் அப்பன் நேரில் வந்து உம்மைத் திட்டி, இது செரேர் குடும்பம்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதுவும் முதல் மழைக்கு முன்னால். மழை விழுந்துவிட்டால் நீங்கள் ஊரோடு நெல் வயலில் இறங்கிவிடுவீர்கள், அறுவடை வரை கல்யாணப் பேச்சே கிடையாது. அறுவடை முடிந்ததும் சிகின்ஷோர் நகரத்துக் கடைக்காரர் வீட்டுக்கு நீர் பதில் சொல்ல வேண்டுமாம். அவர்களும் மரியேத்துவைக் கேட்டிருக்கிறார்களாம். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அன்சு கத்தவில்லை. என் அருகில் வந்து, குரலைத் தணித்துச் சொன்னான். அவன் குரலைத் தணித்ததைக் கேட்ட பிறகுதான் இது கேலி இல்லை என்று எனக்குப் புரிந்தது.

பிராமிடம் சொன்னேன். அவன் சொன்னான்: "எல்லா வசவும் ஞாபகம் இருந்துச்சுப்பா. வண்டியில போகும்போது மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேதான் போனேன். உள்ள நுழைஞ்சதும் மரியேத்து தண்ணி கொண்டுவந்து குடுத்தா. இந்த மனுஷனுக்குக் கோபம் வந்துட்டா இவ எனக்கு இல்லன்னு தோணுச்சு. அதோட வாய் ஒட்டிக்கிச்சு." அவன் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. ஓய், அவன் உம்மை அந்நியனாக நினைக்கவில்லை. உமது பெண்ணை அவ்வளவு விரும்புகிறான், அதனால் பயந்துவிட்டான். பயந்தவனுக்குக் கேலி எங்கிருந்து வரும்? இதை உமக்குச் சொல்லத்தான் நேரில் புறப்பட்டேன். புறப்பட்டேன் என்று எழுதுகிறேனே தவிர இன்னும் புறப்பட்டபாடில்லை. அந்தக் கதையைக் கேளும்.

பயணத்துக்கு யார் யார்? திட்டுவதற்கு நான். பையனின் தாய்மாமன் என்ற முறையில் ஞிலானின் அண்ணன் ஜேகான். எங்களில் பிள்ளை அம்மா வழிக்குச் சொந்தம், தாய்மாமன் இல்லாமல் கொண்டுபோகிற கோலா வெறும் கொட்டை. மூன்றாவது என் அக்காள் திபோர். பிராமுக்கு அத்தை என்பதால் மட்டும் அல்ல, அவளை விட்டுவிட்டுப் போகிறோம் என்று அவளிடம் போய்ச் சொல்ல எங்கள் குடும்பத்தில் இதுவரை ஆள் பிறக்கவில்லை. மூன்று பேர், ஒரு கூடை கோலா, உமக்கு மனிதர் சாப்பிடுகிற சாப்பாடு எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மூட்டை கம்பு. கடலை மூட்டைகளை லாரி லாரியாக எடை போட்டு அனுப்பியவனுக்கு இது ஒரு பயணமா என்று நினைத்தேன்.

முதல் வில்லங்கம் ஜேகானிடமிருந்து வந்தது. மழைக்குக் குறி சொல்லும் கூட்டம் இங்கே வருஷா வருஷம் நடப்பது உமக்குத் தெரியும். சல்திகேக்கள் நடுவில் வந்து நின்று, ஒவ்வொருவராக இந்த வருஷத்து மழையைப் பற்றிச் சொல்வார்கள். அவர்களில் ஒரு வயதானவர், எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் முதல் மழை, மூட்டை கட்டினவன் தலையிலதான் விழும்" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஜேகான் சிரிக்கவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "இந்த வீட்டுல இனி யாரும் எதையும் மூட்டை கட்டக் கூடாது" என்று உத்தரவு போட்டான்.

"அண்ணே, ஊருக்குப் போறவங்க துணிமணியை எதுல கொண்டு போவாங்க?" என்று ஞிலான் கேட்டாள்.

"போட்டுக்கிட்டுப் போகட்டும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். மழை முந்திக்கிச்சுன்னா பையனுக்குக் கல்யாணம் இல்ல. பாத்துக்கோ."

இப்படிச் சொன்னால் தாய் மனசு என்ன செய்யும்? அவிழ்த்துப் போட்டாள். அன்றிலிருந்து என் நல்ல அங்கி கொடியில் காய்கிறது. கம்பு மூட்டையின் வாய் கட்டப்படாமல் திறந்தே நிற்கிறது, கோழிகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன. கோலாவையும் பொதிந்து கட்ட முடியாமல் ஈர இலை போட்டுக் கூடையில் திறந்து வைத்தோம். அதற்குக் காவல் என் அக்காள் திபோர். போகிறபோதும் வருகிறபோதும், "இந்த வெயில்ல காஞ்சு போச்சோ என்னமோ" என்று ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பாள். காயவில்லை என்று உறுதி செய்துகொள்ள முழுதும் மென்றாக வேண்டும் அல்லவா? கூடை இறங்க இறங்க ஞிலான் சந்தைக்குப் போய் வாங்கி நிரப்பினாள். கேட்டால் அக்காளுக்குக் கோபம். "என் மருமகன் கல்யாணத்துக்கு வாடின கோலாவா கொண்டு போறது? நான் பாக்காம வேற யாரு பாப்பா?"

ஜேகானோ தினமும் விடிந்ததும் ஊருக்கு வெளியே உப்புத் தரையில் போய் நின்று, தெற்கே உம்முடைய பக்கம் வானத்தைப் பார்ப்பான். உங்கள் ஊர் மேகமும் உங்களைப் போலத்தான், வருவதுபோல் வரும், வேலையைப் பார்த்ததும் ஒதுங்கிவிடும்.

ஒருவழியாகத் துணிந்து வண்டி நிறுத்தத்துக்குப் போனோம். கொடியில் காய்ந்த அங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில், நான் இரண்டு ஆள் பருமனில் நடந்து போனேன். ஏழு பேர் வண்டி, ஏழு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், தெரிந்த கதைதான். நாங்கள் மூவர் உட்கார்ந்தோம். மதியம் தாண்டி மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்தபோது அக்காள் தொழுகைக்கு இறங்கிப் போயிருந்தாள். அவள் திரும்பியபோது, எப்படியும் தாமதம்தானே என்று வேறு இருவர் தொழப் போயிருந்தார்கள். அவர்கள் வந்தபோது ஜேகானைக் காணோம். ஒரு மேகம் போல் இருந்ததாம், பார்க்கப் போனானாம். அவனைக் கூப்பிடப் போன டிரைவரையும் காணோம். ஏழு பேரும் ஒரே நேரத்தில் வண்டிக்குள் இருந்த நிமிடம் என்று ஒன்று அன்றைக்கு வரவே இல்லை. ஆற்றுத் துறையில் வண்டிப் படகு அன்றைய கடைசி நடை போயிருக்கும் என்று சொல்லி டிரைவர் எல்லாரையும் இறக்கிவிட்டான்.

அடுத்த முறைதான் நடக்கக் கூடாதது நடந்தது. அன்றைக்கு முறை அன்சு சானேயின் வண்டிக்கு. தெரிந்தவன், உம் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவான் என்று எனக்குச் சந்தோஷம். எங்களைப் பார்த்ததும் வண்டிக் கூரையில் நின்றபடி கூவினான்.

"வாங்க அடிமைங்களா! பின் சீட்டு உங்களுக்குத்தான். முன் சீட்டு மனுஷங்களுக்கு!"

ஜேகானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பல நாளாக மேகத்தைப் பார்த்துப் பார்த்து வாடியிருந்தவன். "கீழ எறங்குடா! ஜோலா பயலுக்கு வண்டி எதுக்கு? ஏர்க்கட்டையைப் பிடிக்கிற கையில ஸ்டீரிங்கா? ராஜா ஓட்டுவார், நீ பின்னால ஓடி வா!" என்று சொல்லி, வண்டியில் தொங்கிய சாவியை உருவிக்கொண்டான். நிறுத்தமே சிரித்தது. அன்சு குதித்து இறங்கி வந்து கும்பிடு போட்டான். "தப்புதான் ராஜா, சாவியைக் குடுங்க ராஜா, அடிமை பொழைச்சுப் போறேன்." முறைப்படி எல்லாம் அழகாகத்தான் நடந்தது. ஜேகான் பெருந்தன்மையாகச் சிரித்து, சாவியைக் கொடுக்க அங்கிப் பையில் கையை விட்டான். கை மறுபக்கம் வெளியே வந்தது. பையில் ஓட்டை.

தேடினோம். தரையில் இல்லை. அப்போதுதான் அவன் இவ்வளவு நேரமும் எதன்மேல் சாய்ந்து நின்றிருந்தான் என்று பார்த்தேன். கம்பு மூட்டை. வாய் கட்டாத கம்பு மூட்டை. குறி சொன்னவர் வாக்குக்குப் பயந்து திறந்து வைத்த மூட்டை. பக்கத்து டீக்காரரின் பாயை வாங்கி விரித்து, அத்தனை கம்பையும் கொட்டினோம். கம்பு வாசம் பட்டதும் அந்தப் பேட்டை ஆடுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒரு பக்கம் நானும் ஜேகானும் துழாவுகிறோம், மறுபக்கம் ஆடுகள் துழாவுகின்றன. "அந்தக் கறுப்பு ஆட்டைப் பாரு, ஏதோ கடிக்க முடியாம முழிக்குது, அதான் முழுங்கியிருக்கும்!" என்று அக்காள் பாயின் ஒரு மூலையில் உட்கார்ந்தபடி யோசனை சொன்னாள். அந்தக் கறுப்பு ஆட்டின் சொந்தக்காரி வந்தாள். அவள் சொன்னதை எழுத முடியாது.

வண்டியில் ஒரு துணி வியாபாரி இருந்தார். வொலோஃப் குலத்தவர். நம் இருவருக்கும் நடுவில் இருக்கும் முறை அவருக்குக் கிடையாது, ஆகவே கோபப்பட அவருக்கு முழு உரிமை இருந்தது, அதை அவர் கொஞ்சமும் வீணாக்கவில்லை. "உங்க கேலி உங்களோட! எனக்கு ஆத்துல படகு போயிடும்! வயசான மனுஷங்களா நீங்க?" பாவம் அன்சு. அவனுக்குத்தான் உண்மையான நஷ்டம், ஆனால் கேலிமுறைக்காரன் கோபப்படக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். கண் கலங்கிக்கொண்டு வந்தது, சிரித்தான். கடைசியில் அக்காள் எழுந்து, "சாவி சாவின்னு ஒரே கூச்சல், ஒரு நிமிஷம் நிம்மதியா உக்கார முடியுதா, கீழ என்னமோ வேற குத்துது" என்றாள். சாவி அவளுக்கு அடியில் இருந்தது.

நாங்கள் சந்தோஷமாக ஏறப் போனோம். அன்சு கதவைச் சாத்தினான்.

"இன்னிக்கு என் வண்டியில செரேர் கெடையாது" என்றான். சிரித்துக்கொண்டேதான். எங்கள் மூன்று இடத்திலும் நின்றுகொண்டிருந்த வேறு மூவரை ஏற்றினான். பிறகு குனிந்து, கோலாக் கூடையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். "என் சாவியை எடுத்தீங்கல்ல? உங்க கோலா எனக்கு! வேணும்னா பின்னாலயே ஓடி வாங்க ராஜாக்களா!"

வண்டி போய்விட்டது. முறைப்படி நாங்கள் சிரிக்க வேண்டும், சிரித்தோம். புழுதி அடங்கும் வரை மூன்று பேரும் நின்று சிரித்தோம். பிறகு அக்காள் முந்தானைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "என் மேலதான் தப்பு லாத்திர். நான் அங்க உக்காராம இருந்திருந்தா பையனுக்குக் கோலா போய்ச் சேந்திருக்கும்" என்றாள். எங்கள் அக்காள் தன்மேல் தப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால், என்ன ஆயிற்று என்று கேட்காமல் எங்கள் கையில் கூடை இல்லாததை மட்டும் பிராம் பார்த்தான், பார்த்துவிட்டு உள்ளே போனான். ஓய் மலாங், அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது நிலைமை இது. சந்தையில் இருப்பது சுருங்கிய கோலா, அதை உம் முன்னால் வைக்க எனக்கு முகம் இல்லை. நல்ல சரக்கு லாரி எப்போது வரும் என்று காவ்லாக் வியாபாரிக்கே தெரியவில்லை. ஜேகான் விதைக்கம்பைப் புடைத்துவிட்டான், இனி அவனை நிலத்தைவிட்டு அசைக்க முடியாது போலிருக்கிறது. தெற்கே மேகம் இப்போது நிஜமாகவே இருக்கிறது, எனக்கே தெரிகிறது. இந்தக் கடிதத்தை உம்மிடம் சேர்க்கவும் அன்சுவை விட்டால் ஆள் இல்லை, அவன் திரும்பி வரட்டும் என்று காத்திருக்கிறேன். எங்கள் கோலாவைத் தின்று தீர்த்தவனிடமே கடிதத்தையும் கொடுத்தனுப்ப வேண்டிய கேவலம் எனக்கு.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாங்கள் வந்து சேர்வதற்குள் மழை வந்துவிட்டால், அதை மழை என்று வைத்துக்கொள்ளாதீர். தூறல் என்று சொல்லும். உம் ஊரில் யாராவது கேட்டால் பனி என்று சொல்லும். வயலில் இறங்குவதை நாலு நாள் தள்ளிப்போடும், உமக்கு வேலையைத் தள்ளிப்போடுவது கைவந்த கலைதானே. அந்தக் கடைக்காரர் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் அவர்கள் உமக்கு என்ன முறை? உம்மை யார் திட்டுவார்கள்? பண்டிகைக்குப் பண்டிகை வந்து, குனிந்து, ஐயா என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தனை மரியாதையை இந்த வயதில் உம்முடைய உடம்பு தாங்காது. எங்கள் வீட்டில் பெண்ணைக் கொடுத்தால் சாகும்வரை உம்மை நிம்மதியாக விடமாட்டோம். இது என் வாக்கு.

மீதி வசவை நேரில் வைத்துக்கொள்கிறேன். உமது வயல் நிறையட்டும், குதிர் நிறையட்டும், நிறைந்ததை எல்லாம் ஒரே வேளையில் தின்றுவிடாத புத்தி உமக்கு வரட்டும். ஸோனாவுக்கு எங்கள் எல்லாருடைய சலாம். மரியேத்துவுக்கு என் ஆசி, அவள் தலைக்கு மேல் எப்போதும் நிழல் இருக்கட்டும். கடவுள் நம் எல்லாரையும் சமாதானத்தோடு வைத்திருக்கட்டும். மழையைச் சரியான நேரத்தில், அதாவது எங்களுக்குப் பிறகு, தரட்டும்.

இப்படிக்கு,
இன்னும் புறப்படாத உமது ராஜா,
லாத்திர் தியோன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறை ஒட்டப் போகும் நேரத்தில் அன்சு வந்துவிட்டான். இந்த முறை ஹாரன் அடிக்கவில்லை, வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தான். கோலாவை அவன் தின்னவில்லையாம். எங்களிடமிருந்து பறித்ததை உங்களிடம் காட்டிப் பெருமையடிக்கத்தான் உங்கள் வாசலில் கூடையை இறக்கினானாம். "யாரோட கோலாடா இது?" என்று கேட்டீர்களாம். "லாத்திர் வீட்டுக் கோலா, உங்க வீட்டுக்கு வர வேண்டியது" என்றானாம். நீங்கள் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றீர்களாம். பிறகு நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்களாம். அன்சு உங்களைப்போலவே நடித்துக் காட்டினான்.

"பொண்ணு கேக்க அப்பனும் வரலை! மாமனும் வரலை! கோலாவை மட்டும் ஒரு ஜோலா தலையில சொமக்க வச்சு அனுப்பியிருக்கான்! இந்த ஜென்மத்துல எவனும் எனக்கு இப்படி ஒரு அவமானம் பண்ணினதில்ல. ஸோனா, வந்து பாரு! இவன்தான்டி செரேர்! கூப்பிடு எல்லாரையும்!"

ஊரையே கூப்பிட்டு, கோலாவை உடைத்து, வீடு தவறாமல் கொடுத்தீர்களாம். கடைசித் துண்டு கைமாறும்போது முதல் துளி விழுந்ததாம். அக்காள் திபோர் இதைக் கேட்டுவிட்டு, கோலா வாடாமல் போய்ச் சேர்ந்தது தன் கவனிப்பால்தான் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த அவமானம் முழுவதும் என் திட்டம்தான் என்று நானும் இங்கே சொல்லிவிட்டேன், தயவுசெய்து மறுக்காதீர்கள். இனி நீங்கள் சம்பந்தி, ஆகவே 'நீர்' இல்லை, 'நீங்கள்'. கடிதத்தைக் கிழித்துவிடத்தான் நினைத்தேன். இத்தனை வசவும் வீணாகப் போகுமே என்று அப்படியே அனுப்புகிறேன்.

பிராமிடம் அன்சு இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு வேப்பமரத்தடியில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஞிலான் அவன் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு வந்து என்னிடம் பேனாவைக் கேட்டான். கோலா உடைந்துவிட்டது, இனி நீ மருமகன், திட்டுகிற காலம் போய்விட்டது, இனிமேல் குனி என்று சொன்னேன். கேட்கவில்லை. மூன்று தரம் யோசித்து, தன் கையாலேயே எழுதியிருக்கிறான்:

மாமா, நீங்கள் சோறு கொஞ்சம் அதிகமாகச் சாப்பிடுகிறீர்கள். மன்னிக்கவும்.

கடைசி வார்த்தையை மட்டும் நான் அடித்துவிட்டேன்.